ஃப்ரெண்டுக்காக வந்த பொண்ணு

நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம். ஆனா இது என் கூடப் பிறந்த தங்கச்சிக்கு நடந்தது. அவளுக்குப் பொய் சொல்லவே வராது. சின்ன வயசுல நான் செஞ்ச ஒவ்வொரு திருட்டுத்தனத்தையும் அம்மாகிட்ட போட்டுக் கொடுத்தவ அவதான்.

தங்கச்சி ஒரு காலேஜ்ல கவுன்சிலர். மனசு சரியில்லாத பசங்க வந்து பேசுவாங்க, இவ உக்காந்து கேப்பா. அப்போ புதுசா சேர்ந்திருந்தா. வியாழக்கிழமை சாயங்காலம் மட்டும் யார் வேணா வரலாம், பேரு கூட சொல்ல வேண்டாம். இவளும் கேக்க மாட்டா.

அப்படித்தான் ஒரு பொண்ணு வந்தா. ஒல்லியா, ஸ்வெட்டர் கையை விரல் மறையுற வரைக்கும் இழுத்து விட்டுக்கிட்டு.

"எனக்கு ஒண்ணும் இல்ல மேடம். என் ரூம்மேட்டுக்குத்தான். அவ தூங்குறதே இல்ல."

தங்கச்சிக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு. இந்த வேலையில இருக்கறவங்களுக்குத் தெரியும். 'என் ஃப்ரெண்டுக்கு'ன்னு ஆரம்பிச்சா பாதிப் பேர் சொந்தக் கதையைத்தான் சொல்லுவாங்க. கூச்சம். அவசரப்பட்டுக் கேட்டா வர்றதையே நிறுத்திடுவாங்க. தானா வாயைத் திறக்கட்டும்னு விட்டுடணும்.

விட்டா.

அடுத்த வாரமும் வந்தா. "இப்ப சாப்பிடுறதும் இல்ல மேடம்."

"நீ சாப்பிட்டியாம்மா?"

"எனக்கு எதுக்கு மேடம்?"

அந்தப் பதில் தங்கச்சிக்கு உறுத்துச்சு. அப்புறம் அந்த நாற்காலி. மெத்தை வச்ச பழைய நாற்காலி, யார் உக்காந்தாலும் 'புஸ்ஸ்'னு காத்து போகும். அழ வந்த பசங்க கூட அதுக்குச் சிரிச்சுடுவாங்க. இந்தப் பொண்ணு உக்காந்தா மட்டும் சத்தமே வராது. ஒல்லியா இருக்கா, அதான்னு நினைச்சுக்கிட்டா.

ஆனா ஒரு சந்தேகம்... இவ எதையோ மறைக்கிறா.

அடுத்த வியாழன். வெளிய மழை இருட்டு. ஆபீஸ் அக்கா சீக்கிரமே கிளம்பிட்டாங்க. தங்கச்சி பையை எடுத்துக்கிட்டு நிமிந்தா...

எதிர்ல அவ.

அந்தக் கதவு திறந்தா 'கிறீச்'னு கத்தும். கத்தவே இல்ல.

"எப்பம்மா வந்தே?"

"மேடம், அவ ரூமைப் பூட்டிக்கிட்டா. இப்பதான்."

"நீ இங்க இருக்க. உனக்கு எப்படித் தெரியும்?"

அந்தப் பொண்ணு ஸ்வெட்டர் கையை இன்னும் இழுத்து விட்டுக்கிட்டா.

தங்கச்சிக்குப் பொறுமை போச்சு. "உண்மையைச் சொல்லு. அந்த ரூம்மேட் நீதானே?"

அந்தப் பொண்ணு மெதுவா தலையாட்டினா... இல்லைன்னு.

"இந்தத் தடவை நான் இல்ல மேடம். ஹாஸ்டல் கடைசி மாடி. மூலை ரூம். ஓடுங்க."

தங்கச்சி போனை எடுக்கக் குனிஞ்சா.

நிமிந்தா.

நாற்காலி காலி.

கதவு... மூடியே இருந்துச்சு.

ஓடினா. செருப்பு ஒரு பக்கம், இவ ஒரு பக்கம். வார்டனையும் இழுத்துக்கிட்டு மாடி ஏறினா. தட்டினாங்க. சத்தம் இல்ல. மாத்துச் சாவி போட்டாங்க.

தரையில ஒரு பொண்ணு. வேற பொண்ணு.

மூச்சு இருந்துச்சு.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினாங்க. பிழைச்சுக்கிட்டா.

அங்க வெளிய உக்காந்திருக்கும்போது தங்கச்சி கேட்டா, "அந்த ரூம்ல ரெண்டு கட்டில் இருந்துச்சே. இவ ரூம்மேட் எங்கம்மா? ஸ்வெட்டர் கையை இழுத்து விட்டுக்குமே, அந்தப் பொண்ணு?"

வார்டன் ஒரு மாதிரி பாத்தாங்க.

"அவ போன வருஷமே செத்துட்டா. அதே ரூம்ல. அந்தக் கட்டிலை எடுக்க இவ விடவே இல்ல. நீங்க அப்ப இங்க இல்லையே மேடம்... ஸ்வெட்டர் எப்படித் தெரியும்?"

தங்கச்சி அன்னைக்கு ராத்திரி கண்ணே மூடல. காலையில, தனக்கு முன்னாடி அங்க வேலை பாத்த கவுன்சிலருக்குப் போன் போட்டா. நடந்ததைச் சொன்னா.

எல்லாத்தையும் கேட்டுட்டு அந்தம்மா சொன்னாங்க:

"சாகுறதுக்கு முன்னாடி என்கிட்டயும் ரூம்மேட்டுக்குன்னுதான் வந்தா. நான் அப்படியே நம்பினேன். போய் அந்த ரூம்மேட்டைப் பாத்துட்டு, நல்லாத்தான் இருக்கான்னு திரும்பி வந்துட்டேன்."