தனபாக்கியம் சிஸ்டர் எழுதிய ஒரு வரி

வேங்கிக்கால் பஸ்ஸில் இருந்தபோது போன் வந்தது. "சார், நம்ம தனபாக்கியம் சிஸ்டர் காலையில போயிட்டாங்க." இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு அடுத்த நிறுத்தம் வரை போய்விட்டேன்.

நம் ஊர் அரசு ஆஸ்பத்திரியில் அவர் தலைமை நர்ஸாக இருந்த வார்டில் நான் டாக்டராக இருந்தேன். உங்களில் பலர் அவரிடம் ஊசி போட்டுக்கொண்டிருப்பீர்கள். திட்டும் வாங்கியிருப்பீர்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு காலை, திருட்டு வழக்கில் பிடித்த ஒருவரைப் போலீஸ்காரர்கள் இருவர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவரால் நிற்க முடியவில்லை. உள்ளங்கால் இரண்டும் கன்றிப்போய் வீங்கியிருந்தன. "கிரிவலம் போனாராம் சார், வெறுங்கால்ல. அப்படியே எழுதிடுங்க" என்றார் ஒரு போலீஸ்காரர். எழுதிக் கையெழுத்தும் போட்டேன். எனக்கு வம்பு வேண்டாம், அவ்வளவுதான்.

கட்டுப் போட வந்த சிஸ்டர், "நானும்தான் மாசாமாசம் மலை சுத்தறேன். கொப்புளம் வரும், லத்தித் தடிப்பு வந்ததில்ல" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. போலீஸ்காரர்களை வெளியே நிற்கச் சொன்னார். படுத்திருந்தவரிடமே கேட்டு, நர்ஸ் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதினார்: 'ஸ்டேஷனில் உள்ளங்காலில் அடித்ததாக நோயாளி சொல்கிறார்.'

வழக்கு கோர்ட்டுக்கு வந்தது. காயத்தைப் பற்றிக் கேட்டபோது "ஞாபகமில்லை" என்று சொல்லிவிட்டு நான் கூண்டிலிருந்து இறங்கினேன். சிஸ்டர் தன் வரியைப் படித்துக் காட்டினார். அந்த மனிதர் விடுதலையானார். சிஸ்டரை எங்கேயோ ஒரு மூலைக்கு மாற்றினார்கள், திரும்பி வர மூன்று வருஷம் ஆயிற்று.

பிறகு, தீவிரவாத வழக்குகளில் போலீசிடம் கொடுத்த வாக்குமூலமே கோர்ட்டில் செல்லும் என்று ஒரு சட்டம் வந்தபோது, எங்கள் டூட்டி ரூமிலும் அதைப் பற்றித்தான் விவாதம். "குண்டு வெச்சவன் தானா சொல்லுவானா சிஸ்டர்? ரெண்டு போட்டாதானே உண்மை வரும்?" என்றார் ஒரு புது டாக்டர்.

"அடிச்சா பேச்சு வரும் சார். உண்மை வருதான்னு கட்டுப் போடறவங்களைக் கேளுங்க." அலுப்போடு சொல்லிவிட்டு வார்டுக்குப் போய்விட்டார். இன்றைக்கும் டி.வி.யில் அதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எனக்கும் சலித்துவிட்டது.

அந்தக் காலையைப் பற்றிச் சிஸ்டர் என்னிடம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பேன். அவர் கேட்காமல் விட்டதுதான் என்னிடம் மிஞ்சியிருக்கிறது. அவரை அறிந்த உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன். என்னை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவும் இல்லை. அது லத்தியடி என்று பார்த்தவுடனே எனக்குத் தெரியும். கோர்ட்டில் நின்றபோதும் எல்லாம் ஞாபகம் இருந்தது.