ஊசிக்கு அரைப் பக்கம்

ஞானபாக்கியத்துக்கு ஊசி போட வராது. மருந்து உள்ளே போகும். ஆனால் போட்ட இடம் மறுநாள் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கும். நான் போட்டால் வீங்காது. மூன்று வருஷம் முறையாக நர்ஸ் படிப்புப் படித்தவள் நான். அவள் பதினெட்டு மாதப் படிப்போடு சுரண்டையிலிருந்து வந்தவள். அப்படியிருந்தும் காசநோய் வார்டில் பதினாறு கட்டில்காரர்களும் கேட்டது அவளைத்தான். அறுபத்தொன்றாம் வருஷம் முழுக்க இதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில் இருந்த ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரி அது. சாரல் காலத்தில் ஊரே அருவிக்கு ஓடும். எங்கள் வார்டில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருமுவார்கள்.

பாக்கியத்திடம் ஒரு கட்டு இருந்தது. செங்கோட்டை ஸ்டேஷனில் வேலை பார்த்த அவள் அண்ணன், ரயிலில் விட்டுப்போன பத்திரிகைகளைக் கொண்டுவந்து கொடுப்பான். அதில் வாராவாரம் வந்த ஒரு படக்கதையைக் கத்தரித்து, காயத்துக்குத் தையல் போடும் நூலால் தைத்து வைத்திருந்தாள். கதை இதுதான். ஒரு மருமகன் பணக்கார மாமனாரைக் கொன்றுவிடுகிறான். பிணத்தை ஒழிக்க இடம் கிடைக்கவில்லை. சலூன் நாற்காலியில் விட்டுவிட்டு ஓடினால், சவரம் முடித்து பவுடர் போட்டு வீட்டுக்கே கொண்டுவந்து விடுகிறார்கள். கல்யாண வீட்டில் உட்கார வைத்தால் சந்தனம் பூசி, முதல் பந்திக்குக் கூப்பிடுகிறார்கள். மாமனார் உயிரோடு இருந்தபோதும் யாருக்கும் பதில் சொல்லாத ஆள் என்பதால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஊசி போட்டுக்கொண்டால் அரைப் பக்கம். இதுதான் பாக்கியத்தின் ஏற்பாடு. மீதி அரையை ஒரு அட்டையால் மறைத்துப் பிடிப்பாள். அடுத்த பக்கத்தை அவளும் முன்கூட்டிப் பார்க்கமாட்டாள். அதனால் அவர்களோடு சேர்ந்து அவளும் சிரிப்பாள்.

“ஏட்டி, சாகக் கெடக்குதவங்ககிட்டப் போயி பொணத்தக் காட்டுதியே, வேற கதையே கெடைக்கலியா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“சாமி கதை சொல்லிப் பாத்தேன்க்கா. அழுதாங்க. இதுக்குத்தான் சிரிக்காங்க.”

நான் ஊசித் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன்.

அவளுடைய பெரிய வெற்றி சுந்தரபாண்டி. புளியறைக்காரன், மரத்தடி ஏற்றும் லாரி டிரைவர். ஏற்கெனவே இரண்டு தடவை சிகிச்சையைப் பாதியில் விட்டு ஓடியவன். மூன்றாவது தடவையும் ஓடினால் மருந்து கேட்காது, ஆள் பிழைக்கமாட்டான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தொண்ணூறு ஊசி. அறுபத்திரண்டாவது ஊசி வரைக்கும் ஒரு நாள் தவறாமல் போட்டுக்கொண்டான். பிருஷ்டம் இரண்டும் வீங்கி, ஒருக்களித்துத்தான் படுப்பான். நான் சிரிஞ்சோடு போனால், “நீங்க வேண்டாம், பாக்கியம் சிஸ்டர் வரட்டும்” என்பான்.

பாக்கியம் கட்டை வைத்துப் பூட்டும் வார்டு அலமாரியின் சாவி என்னிடமும் இருந்தது. ஒரு மத்தியானம் அப்படி என்னதான் இருக்கிறது என்று கட்டை எடுத்து முதலிலிருந்து கடைசி வரை படித்தேன். மூன்றாவது வாரத்துப் பக்கத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அன்று சாயந்திரம் கம்பவுண்டர் நல்லதம்பி, மருந்துப் பொடி மடிக்கத் தாள் தீர்ந்துவிட்டது என்று வந்து நின்றார். நான் கட்டை எடுத்துக் கொடுத்தேன். அவர் நூலை அறுத்து, ஒவ்வொரு தாளையும் எட்டாகக் கிழித்தார். மறுநாள் வெளிநோயாளிகள் மாமனாரின் தலையை ஒரு பொட்டலமாகவும் காலை ஒரு பொட்டலமாகவும் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

கட்டு எங்கே என்று பாக்கியம் கேட்டாள். தெரியாது என்றேன்.

இரண்டாம் நாள் காலையில் சுந்தரபாண்டியின் கட்டில் காலியாக இருந்தது. பக்கத்துக் கட்டில் குத்தாலிங்கம் சொன்னார்: “பொணமே எங்கன போச்சுன்னு தெரியல, நான் மட்டும் எதுக்கு இங்கன கெடக்கணும்னு சொல்லிட்டுப் போயிட்டான்.”

அறுபத்திரண்டு ஊசி வீணாகப் போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. டாக்டரிடம் சொல்லிவிட்டு பாக்கியத்தையும் கூட்டிக்கொண்டு புளியறைக்குப் பஸ் ஏறினேன்.

“போயி என்னக்கா சொல்ல? மிச்சக் கதை எனக்கே தெரியாதே” என்றாள்.

“எனக்குத் தெரியும்.”

செங்கோட்டை வரைக்கும் அவள் டிக்கெட்டை மடித்துப் பிரித்துக்கொண்டே வந்தாள். பிறகு, “பொடிப் பொட்டலத்துல மாமனார் தலையப் பாத்தேன். அப்ப கம்பவுண்டர் அண்ணாச்சிட்ட கொடுத்ததும் நீங்கதான்” என்றாள்.

“ஆமா.”

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். “படிக்கையில சிரிச்சீங்களா?” என்று கேட்டாள்.

“மூணாவது வாரத்துல.”

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

செக்போஸ்ட் பக்கத்துச் சாயாக்கடையில் அவன் புட்டை வைத்துக்கொண்டு தின்ன முடியாமல் இருமிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் எழுந்தான்.

“ஓடாதீங்க. மிச்சக் கதை சொக்கம்மா அக்காவுக்குத் தெரியும்” என்றாள் பாக்கியம்.

“இவங்களுக்கா? இவங்க அந்தப் பொணத்தையே நேராப் படுன்னு அதட்டுவாங்களே.”

கடைக்காரர் சிரித்தார். எனக்குக் கதை சொல்ல வராது. நோயாளியின் விவரத்தை டாக்டரிடம் ஒப்பிக்கிற மாதிரி ஒப்பித்தேன். “மறுநாள் காலை மாமனாரை பஸ்ஸில் ஏற்றினான். கண்டக்டர் டிக்கெட் கேட்டார். பதில் இல்லை. உடம்பு விறைப்பு. பெரிய மனுஷர் கோபமாக இருக்கிறார் என்று கண்டக்டர் கையெடுத்துக் கும்பிட்டார்.” அங்கேயே நிறுத்தினேன். “மிச்சம், ஊசி போட்ட பிறகு.”

சுந்தரபாண்டி கை கழுவிவிட்டு எங்களோடு பஸ் ஏறினான்.

பாக்கி இருபத்தெட்டு ஊசிக்கும் கதை சொன்னது நான்தான். ஒருவரும் சிரிக்கமாட்டார்கள். நான் சொன்னதையே பாக்கியம் இன்னொரு தரம் தலையைச் சாய்த்து, கண்ணை மேலே செருகிச் சொல்லுவாள். வார்டு குலுங்கும். என் கதை, என் ஞாபகம், சிரிப்பு அவளுக்கு.

அதுவரை பாக்கியமே போட்டுவந்த ஊசியில் தொண்ணூறாவதை மட்டும் நான் அவளிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன்; சுந்தரபாண்டிக்கு அது தெரியாது. அவன் குப்புறப் படுத்திருந்தான். பாக்கியம் கட்டில் தலைமாட்டில் நின்றாள். முடிவைச் சொன்னேன். மருமகன் அலுத்துப்போய் மாமனாரை வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டு, போலீசில் போய், நான்தான் கொன்றேன் என்கிறான். இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கிறார். தொப்பியைக் கழற்றி மாமனாருக்கு வணக்கம் வைக்கிறார். “பெரியவர் நல்லாத்தானே இருக்கார். வீணா அலைய வைக்காதீங்க” என்று மருமகனைத் திட்டிவிட்டுப் போகிறார்.

இந்தத் தடவை பாக்கியம் திருப்பிச் சொல்லவேண்டியிருக்கவில்லை. சுந்தரபாண்டி தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தான். இருமல் வரவில்லை. அந்தச் சிரிப்பிலேயே நான் ஊசியை ஏற்றி எடுத்துப் பஞ்சை வைத்துத் தேய்த்தேன்.

“போட்டாச்சா? தெரியவே இல்லியே” என்று தலையைத் தூக்கினான். “தொண்ணூறு நாள்ல இன்னைக்குத்தான் வலிக்கல. பாக்கியம் சிஸ்டர், ஒருவழியா ஊசி போடப் படிச்சிட்டீங்க.”