ஷீபா இழுத்த மரரேகை

ஷீபாவைப் போல மரரேகை இழுக்கத் திருவனந்தபுரத்தில் ஆளில்லை. இதை எழுதும்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

1. மாமி வீட்டு அடுக்களை

எங்களுடையது பழைய அடுக்களை அலமாரிகளைப் புதுசாக்கும் பெயிண்டிங் டீம். கதவுகளைக் கழற்றி, எண்ணெய்ப் பிசுக்கைச் சோடா போட்டுக் கழுவி, சாண்ட்பேப்பர் தேய்த்து, பிரைமரும் பேஸ்கோட்டும் அடிப்போம். அதன்மேல் கிளேஸ் என்ற மெல்லிய நிறப்பூச்சைப் பூசி, காய்வதற்குள் ரப்பர் அச்சை அசைத்து அசைத்து இழுத்தால் தேக்குமர ரேகை விழும். அந்த வேலை பல வருஷமாக என்னுடையது. நாகர்கோவிலிலிருந்து வந்து, கதவு கழுவுவதில் தொடங்கி, மெல்ல மெல்ல அச்சைக் கையில் வாங்கியவள் நான். ஷீபா நெடுமங்காட்டுக்காரி, நேற்று வந்தவள்.

வலியசாலையில் ஒரு மாமி வீட்டில் காண்ட்ராக்டர் சுரேஷண்ணன் சொன்னார்: "ஒரு அடுக்களைக்கு ஒரே கைதான் வேணும். ரெண்டு பேரும் சாம்பிள் போடுங்க. மாமி சொல்ற ஆளு ரேகை போடட்டு. மத்த ஆளு கழுவட்டு, கேட்டியா?"

நான் வழக்கம்போலக் கதவையும் டிராயர் பலகையையும் தரையில் தனித்தனியாகப் படுக்கவைத்து இழுத்தேன். நிற்கவைத்தால் கிளேஸ் வழியும். சுத்தமான வேலை, ஒரு குறை சொல்ல முடியாது. மாமி சொன்னார்.

"உன்னோடது அழகாத்தான் இருக்கு செல்வி. ஆனா டிராயர் ஒரு மரம், கதவு வேற மரம்னு தோண்றது. இவளோடது ஒரே பலகையிலே அறுத்தாப்பல இருக்கே."

நான் மறுபடி சோடா வாளிக்குப் போனேன். "சேச்சி, அந்தக் கதவை ஒண்ணுகூடிக் கழுவித் தா" என்று ஷீபா இன்னொரு தடவை கழுவச் சொன்னபோது, வாளியோடு அவள் தலையில் கவிழ்க்கலாமா என்றிருந்தது.

2. வாளிப் பக்கத்திலிருந்து பார்த்தது

கழுவிக்கொண்டே அவளையே முறைத்தேன். அப்போதுதான் தெரிந்தது. டிராயர் பலகையைக் கதவின் தலையில் வைத்து, அடுக்களையில் இருக்கும் வரிசையிலேயே சுவரில் சாய்த்திருந்தாள். மேலிருந்து கீழ்வரை ஒரே இழுப்பு. வழியாமலிருக்க, கிளேஸைக் கெட்டியாகக் கலக்கியிருந்தாள்.

வீட்டுக்கு வந்து எங்கள் அலமாரியில் பழகினேன். "இந்த மாசம் என்ன மரம்?" என்று கேட்பார் என் வீட்டுக்காரர்.

புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: பொறாமை வந்தால் வரட்டும். முகத்தை மட்டும் திருப்பிக்கொள்ளாதீர்கள், அவர்கள் கையைப் பாருங்கள்.

3. கழக்கூட்டம்

ஊரின் ஓரம் கழக்கூட்டத்தில், ஐ.டி. வேலைக்காரப் பெண் ஒருத்தியின் ஃபிளாட். மறுபடி சாம்பிள். இந்த முறை அந்தப் பெண் என் கதவைக் காட்டினாள்.

ஷீபா என் கதவருகே குனிந்தாள். டிராயரும் கதவும் சேரும் இடத்தை விரலால் தடவினாள். திரும்பவும் தடவினாள். நன்றாயிருக்கிறது என்று அவள் வாயிலிருந்து வரவில்லை.

"கிளேஸ் கொறச்சு கூடிப்போச்சு, சேச்சி" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

கிளேஸ் கொஞ்சம்கூட அதிகமாகவில்லை. இத்தனை வருஷத்தில் என் வேலைக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அதுதான்.