உறையாத கிண்ணம்

ஆஸ்பத்திரிச் சமையற்கட்டில் அவளுக்கு ஜெல்லியம்மா என்று பேர். நோயாளிகளுக்கு ஜெல்லி கரைத்து ஊற்றியே பாதி ஆயுசு போனவளுக்கு வேறென்ன பேர் வைப்பார்கள்?

ஆனால் அந்த வார்த்தைதான் அவளுக்குப் பிடிபடவே இல்லை. ஸ்கேன் அறையில் வயிற்றில் தடவும் கொழகொழப்பும் ஜெல்லி. குதிகால் வெடிப்புக்குப் பூசும் களிம்பும் ஜெல்லி. டிவியில் கடலுக்குள் மிதந்த, எலும்பே இல்லாத ஜந்துவும் ஜெல்லிதானாம். உணவு ஆலோசகரிடம் கேட்டாள். "லத்தீன்ல உறையுறதுக்கு ஒரு வார்த்தை இருக்கும்மா, அதுலேர்ந்து வந்தது" என்றார். ஸ்கேன் ஜெல்லி என்றைக்கு உறைந்தது? கேட்டுக் குழம்பியதுதான் மிச்சம்.

இன்றைக்கு அவள் ஊற்றிய ஜெல்லியே உறையவில்லை.

மாடி வார்டில் அவள் புருஷன் படுத்திருந்தார். பக்கவாதம் வந்ததிலிருந்து பேச்சில்லை. தண்ணீர் கொடுத்தாலே புரை ஏறியது, சாப்பாடெல்லாம் மூக்கில் போட்ட குழாய் வழியாகத்தான். "மதியம் கொஞ்சம் ஜெல்லி குடுத்துப் பாப்போம். முழுங்கிட்டார்னா குழாயை எடுத்துடலாம்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவள் எதைச் சமைத்து வைத்தாலும், "சப்புன்னு இருக்கு" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லாத மனுஷன். அதனால் காலையிலேயே அவருக்கென்று தனிக் கிண்ணத்தில், அவருக்கு உயிரான அன்னாசியைப் பிழிந்து ஊற்றியிருந்தாள்.

மற்ற கிண்ணங்கள் எல்லாம் ஜம்மென்று உறைந்து நின்றன. அதே பொடி, அதே ஃபிரிட்ஜ். அவர் கிண்ணம் மட்டும் தண்ணியாகத் தளும்பியது. இன்னும் பொடி போட்டாள். ஐஸ்மேல் வைத்துப் பார்த்தாள். ம்ஹூம். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை இன்றைக்குப் பார்த்தா காலை வாரவேண்டும்? கிண்ணத்தோடு ஆலோசகரிடம் ஓடினாள்.

"அன்னாசியைப் பச்சையாவே பிழிஞ்சு ஊத்தினீங்களா? அது உறைய விடாதும்மா. சாறைக் கொதிக்க வெச்சிருக்கணும்" என்றார் ஆலோசகர்.

"பழம் போய் அப்படிப் பண்ணுமா?" அவளுக்கு இன்னும் விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள நேரமும் இல்லை. எல்லாருக்கும் போட்ட வெறும் சிவப்பு ஜெல்லியில் ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மாடியேறினாள்.

டாக்டர் பக்கத்தில் நிற்க, முதல் கரண்டி உள்ளே போனது. தொண்டை ஏறி இறங்கியது. இருமல் இல்லை. அடுத்ததும் போனது. அதற்கடுத்த கரண்டியைக் கண்டதும் அவர் முகத்தைச் சுளித்தார். உதடு கோண, இழுத்து இழுத்து ஏதோ சொன்னார்.

"என்னம்மா சொல்றார்?" டாக்டருக்குப் புரியவில்லை.

ஜெல்லியம்மாவுக்குப் புரிந்தது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

"சப்புன்னு இருக்காம்" என்றாள்.