பிடி அரிசிக் கலயம்

யுத்த காலத்தில் மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் ரேஷன் அரிசிதான். கறுப்பு மார்க்கெட் அரிசி வாசற்படி ஏறக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவைத்திருந்தேன். மக்கல் நாற்றமும் கல்லுமாக அந்தச் சோறு எனக்கே அலுத்துப்போயிருந்தது. ஆபீஸ் விட்டு வந்தால் பசிக்கும், சாப்பிடத் தோன்றாது.

ஒரு சனிக்கிழமை ஊறுகாய் தேடப்போய், வேறொரு கலயத்தைத் திறந்துவிட்டேன். தினமும் உலை வைக்கும் முன் கோயில் அன்னதானத்துக்கென்று என் மனைவி ஒரு பிடி அரிசி போட்டுவைக்கும் கலயம் அது. உள்ளே ஒரு கல்கூட இல்லாத, பழைய சீரகச் சம்பா.

"இது ஏது?"

"கொல்லைப் பக்கமா ஒருத்தி கொண்டுவந்து தரா. நமக்குத்தானே வேண்டாம்னேள்? ஸ்வாமிக்கு மக்கல் அரிசியையா போடறது?"

நான் முன்கோபி. அன்று கத்தவும் தெம்பில்லை. சம்பாவை முறத்தில் கொட்டிவிட்டு, கலயம் நிறைய ரேஷன் அரிசியைப் போட்டேன். மறுநாள் காலை, வாரா வாரம் பிடி அரிசி வாங்கக் கோயிலிலிருந்து வருபவர் அதை வாங்கிக்கொண்டு போனார். எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது.

முறத்தில் இருந்த சம்பா மிஞ்சியது. அரிசியைத் தெருவில் கொட்டவா முடியும்? மத்தியானம் மனைவி அதையே வடித்தாள். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ரசத்துக்கு இன்னும் கொஞ்சம் சாதம் போடச் சொல்லி நான்தான் வாய் திறந்தேன்.