யாழினியின் பையில் ஒரு மண்டையோடு

தமிழ் உறவுகளே, நம் கடைகளில் ழகரத்துக்குப் பஞ்சம் வந்துவிட்டது.

இன்று நல்லூரில் ஒரு பைக்கடைக்குச் சென்றேன். துணியிலும் பையிலும் மின்னழுத்தியால் சூடேற்றி ஒட்டும் எழுத்துகளும் படங்களும் அங்கே குவிந்து கிடந்தன. மண்டையோடு மட்டும் மூன்று நிறங்களில் இருந்தது.

யாழினி என்ற மாணவி, பெயர் ஒட்டக் கொடுத்திருந்த பையைக் கடைக்காரரிடமிருந்து திரும்ப வாங்கினாள். அதில் 'யாளினி' என்றிருந்தது.

"அண்ணை, உது என்ரை பேர் இல்லை."

"ழி முடிஞ்சுது தங்கச்சி, ளி போட்டனான். சத்தம் ஒண்டுதானே? ஒட்டினதை இனிக் கழட்டேலாது."

"அப்ப அந்த ளிக்கு மேலை ஒரு மண்டையோட்டை ஒட்டுங்கோ. ழி செத்துப்போச்செண்டு எல்லாருக்கும் விளங்கட்டும்."

"எந்த நிறம் தங்கச்சி?" என்று கேட்டாரே தவிர, அந்த வணிகப் பெருந்தகைக்கு முகம்கூடச் சிவக்கவில்லை.

பெற்றோர் வைத்த பெயரை மாற்றும் உரிமை, எழுத்துத் தீர்ந்துபோன கடைக்கு இல்லை.

உங்கள் பிள்ளைகளின் பைகளை இப்போதே எடுத்துப் படியுங்கள். பிழை கண்டவர்கள் அதைக் கீழே பதியுங்கள். நாளைக் காலையே பையோடு கடைக்குச் செல்லுங்கள். மண்டையோட்டோடு திரும்பாதீர்கள், ழகரத்தோடு திரும்புங்கள்.