எழுநூற்று எண்பத்தாறைத் துடைத்த நாள்

என் மாப்பிள்ளைக்கு, அதுதான் என் புருசனுக்கு, ஒரு வியாதி இருந்தது. நன்றாக ஓடுகிற புரோகிராமைச் சும்மா கிடக்க விடமாட்டார்.

குவைத்தில் உழைத்த காசில் ஒரு கொம்பியூட்டரும் பிரிண்டரும் கொண்டுவந்து, சாய்ந்தமருதில் எங்கள் முன்னறையில் வைத்தார். அந்தப் பிரிண்டருக்குத் தமிழ் தெரியாது. எழுத்தைப் புள்ளி புள்ளியாக அதற்கு ஊட்ட டிரைவர் என்றொரு சின்னப் புரோகிராம் வேண்டும். மெஷின் எழும்பும்போதே அதுவும் எழும்பி உள்ளே உட்கார்ந்துகொள்ளும். அதை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் எழுதினோம். நான் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவள், எனக்கென்ன பயம்?

இந்த முன்னறைத் தொழில் பிடித்துவிட்டால் அவர் மறுகா வெளிநாடு போகத் தேவையில்லை. நான் துஆவில் கேட்டதெல்லாம் அது ஒன்றுதான். எங்கள் மகள், வாப்பா குவைத்திலிருந்து பேசி அனுப்பிய கசெட்டில் அவர் குரலைக் கேட்டே வளர்ந்தவள். அவர் வந்திறங்கிய அன்று அவரைப் பார்த்துவிட்டு, ரேடியோவுக்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்தாள்.

அந்த வருசம் பள்ளிவாசல் நோன்புக் கலண்டரை அடிக்க எங்களிடம் தந்தது. ஊர் முழுக்கப் போகிற வேலை. இவரோ பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்ததும் டிரைவரைத் திறந்து வைத்துக்கொண்டு துப்புரவாக்கத் தொடங்குவார். ஒரு வரியை எடுப்பார். கோணலாகக் கிடக்கிற வரியை நேராக்குவார். புரோகிராமின் துண்டுகளுக்குத் தான் வைத்த மொட்டைப் பெயர்களை அழித்துவிட்டு வாய்க்கால், மடை, சுளகு என்று ஆங்கில எழுத்தில் வைப்பார். எல்லாம் நிந்தவூரில் என் வாப்பாவின் வயலில் நான் கதைத்து வளர்ந்த சொல்லுகள். இவ்வளவுக்கும் பிரிண்டரில் வருவது பழையபடியேதான் வரும்.

“அப்ப என்னத்துக்கு மாத்துறீங்க?”

“வாசிக்க லேசா இருக்கும் புள்ள.”

“ஆரு வாசிக்கப் போறா? நாம ரெண்டு பேரும்தானே.”

அவர் அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

ஒரு நாள் மாதிரிக் கலண்டர் அடித்துப் பார்த்தேன். நோன்பு துறக்கிற நேரம் ஆறு எட்டு என்று இருக்கவேண்டிய இடத்தில் ஆறு மூன்று என்று நிற்கிறது. எட்டின் இடப்பக்கத்துப் புள்ளிகள் விழவில்லை. இது ஊருக்குப் போயிருந்தால், சூரியன் மறைய முன்னமே ஊரே நோன்பைத் துறந்து பாழாக்கியிருக்கும்.

“மச்சான், இண்டைக்கு என்னத்தை எடுத்தீங்க?”

“ஒண்டுமில்ல. நீங்க பரக்கத்துக்கு வெச்ச எழுநூற்று எண்பத்தாறைத்தான் எடுத்தன். எதையும் செய்யாம சும்மா சுத்திக்கொண்டு கிடந்திச்சி.”

பிஸ்மில்லாவுக்குப் பதிலாக எங்கள் ஆட்கள் கடுதாசியின் தலையில் போடுகிற எண் அது. பரக்கத்துக்கென்று, அல்லாஹ்வின் அருள் கிடைக்கட்டுமென்று வைத்தது உண்மைதான். ஆனால் வேலை இல்லாமல் வைக்கவில்லை. பிரிண்டரின் தலை அடுத்த வரிக்குத் திரும்பி வரும்வரை புரோகிராம் கொஞ்சம் பொறுக்கவேண்டும், இல்லாவிட்டால் புள்ளிகள் தவறிப்போகும். எத்தனை தரம் சுற்றிப் பொறுப்பது? ஏதோ ஒரு எண் வேண்டியிருந்தது, நல்ல எண்ணாகப் போட்டேன்.

“சும்மா சுத்துறதுதான் அதுட வேலை! கேட்டுப்போட்டு எடுத்தா என்ன?” வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவர் எண்ணைத் திருப்பிப் போட்டார். பக்கத்தில் ஒரு குறிப்பும் எழுதினார்: பிரிண்டர் மூச்செடுக்கும் இடம், எழுத்து உடைந்தால் இதைக் கூட்டிப் பார்.

நான் பின்னால் நின்று வாசித்தேன். மேலிருந்து கீழ்வரை வாசித்தேன். அவர் முதலில் வைத்த பெயர் ஒன்றுகூட அதில் மிச்சமில்லை. எல்லாம் என்னுடைய சொல்லுகள், நான் தனியே இருந்து வாசித்தாலும் தடக்காத மாதிரி.

“விசா வந்திட்டா?” என்று கேட்டேன்.

“ஓம்.” திரும்பிப் பார்க்கவில்லை. “கலண்டர் வருசத்துக்கு ஒருக்காதானே புள்ள. மத்த மாசத்துக்கு என்ன செய்யிற?”

கலண்டர் பிழையில்லாமல் வந்தது. பெருநாள் முடிந்து அவர் போனார். கொஞ்ச நாளில் பிரிண்டர் எழுத்தை உடைத்தது. டிரைவரைத் திறந்தேன், குறிப்பைப் பார்த்தேன், எண்ணைக் கூட்டினேன். தேத்தண்ணி ஆறுவதற்குள் சரியாகிவிட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. விளங்காத பழுதாக இருந்திருந்தால், திரும்பி வாங்க என்று கசெட்டில் சொல்லி அனுப்பியிருப்பேன்.